ஊர்ச் சர்வர் மூடினால்: வடசென்னைக்கு நாமே ஒரு கேம் சர்வர் போடும் முழுமையான வழிகாட்டி

நம் பக்கத்துச் சர்வரை, அதாவது நாம் எல்லோரும் ஒரே ஆட்டத்தில் சேர இடம் தந்த கம்ப்யூட்டரை, மூடிவிட்டார்கள் என்று தெரிந்ததும் பெரும்பாலானோர் செய்யும் முதல் வேலை ஒன்றுதான். அன்றைக்கே ஒரு கிளவுட் மெஷினை (இணையம் வழியாகக் கிடைக்கும் கம்ப்யூட்டரை) வாடகைக்கு எடுத்து, ஐபியை (அதன் இணைய முகவரி எண்ணை) வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிடுவார்கள். முதல் வாரம் கூட்டம் வரும். அடுத்த வாரம் ஆளில்லாத சர்வருக்கு வாடகை ஓடிக்கொண்டிருக்கும். மெஷின் எடுப்பது பாதிக்கு மேல் வேலை முடிந்த பிறகு வரவேண்டிய படி. அதற்கு முன்னால் என்னென்ன முடித்திருக்க வேண்டும் என்பதைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

உதாரணங்கள் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6-ஐ வைத்து. பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும், நம் ஏரியாவில் அண்ணன், தம்பி இரண்டு தலைமுறைக்கும் தெரிந்த கேம் அது. வேறு கேமாக இருந்தாலும் படிகளின் வரிசை மாறாது.

1. உங்கள் கேமுக்கு இது பொருந்துமா என்று பாருங்கள்

கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6, கவுண்டர் ஸ்ட்ரைக் 2, மைன்கிராஃப்ட் போன்றவற்றில் சர்வர் மென்பொருளை ஆடுபவர்கள் கையிலேயே தருகிறார்கள். வேலரன்ட், பிஜிஎம்ஐ (பப்ஜி மொபைலின் இந்தியப் பதிப்பு) போன்றவற்றில் சர்வர் முழுக்கக் கம்பெனியிடம். 2020 செப்டம்பரில் பப்ஜி மொபைல் தடையானபோதும், 2022 ஜூலையில் பிஜிஎம்ஐ ஆப் ஸ்டோர்களில் இருந்து போனபோதும் ஆடிக்கொண்டிருந்தவர்கள் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

ஸ்டீம் (கேம் வாங்கி இறக்கும் மென்பொருள்) லைப்ரரியில் டூல்ஸ் பிரிவைத் திறந்து, கேம் பெயரோடு ‘டெடிகேட்டட் சர்வர்’ என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். அங்கே இல்லையென்றால் கேமைத் தயாரித்தவர்களின் தளத்தில் தேடுங்கள். எங்கேயும் இல்லையென்றால் உங்கள் குழு வேறு கேமுக்கு மாறுவதுதான் வழி. யாரோ உடைத்து வெளியிட்ட சர்வர் மென்பொருளை நம்பி இறங்காதீர்கள்.

2. பழைய சர்வரில் இருப்பதை முதலில் காப்பாற்றுங்கள்

மூடும் தேதி அறிவித்திருந்தால் இது அன்றைக்கே செய்ய வேண்டிய வேலை. தேதி தாண்டினால் அட்மினிடம் கேட்டாலும் கிடைக்காது, ஏனென்றால் அவரிடமே இருக்காது.

வாங்கி வைக்க வேண்டியவை: சர்வர் செட்டிங்ஸ் ஃபைல், அட்மின் பட்டியல், தடை செய்யப்பட்டவர்கள் பட்டியல், பிளக்இன்கள் (சர்வரோடு சேர்க்கும் கூடுதல் மென்பொருள்கள்), மேப் சுழற்சிப் பட்டியல், மேப்கள் (ஆடும் களங்கள்). இதில் தடைப்பட்டியலைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். புதுச் சர்வர் திறந்த முதல் ராத்திரியே பழைய ஹேக்கர்கள் திரும்ப வந்து நிற்பார்கள்.

சர்வர் ஏற்கெனவே போய்விட்டதா? மேப்களை இன்னும் மீட்கலாம். அந்தச் சர்வரில் ஆடிய ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் டவுன்லோட் ஆன மேப்கள் ‘சிஸ்ட்ரைக்’ ஃபோல்டரிலோ, பக்கத்தில் இருக்கும் ‘சிஸ்ட்ரைக் டவுன்லோட்ஸ்’ ஃபோல்டரிலோ கிடக்கும். கேமை அழித்து மறுபடி இன்ஸ்டால் செய்வதற்கு முன் அதை எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

3. ஆளையும் நேரத்தையும் உறுதி செய்யுங்கள்

கேரம் கிளப்பில் போர்டு எப்போதும் இருக்கும். ஆனாலும் சாயங்காலம் போனால் நாலு பேர் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் ஆள் வருவான். சர்வரும் அப்படியே. இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும் சர்வரில் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்து, ஆளில்லை என்று வெளியேறுவார்கள். அன்றைக்கு வந்து போனவர்கள் பன்னிரண்டு பேராக இருப்பார்கள், ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதனால் முதலில் பெயர் எழுதுங்கள். வாரத்தில் இரண்டு ராத்திரியாவது வரக்கூடியவர்கள் பத்துப் பேர் தேறினால் மேலே போகலாம். தேறாவிட்டால் பக்கத்து ஏரியாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வியாசர்பாடிக்குத் தனியாக, கொளத்தூருக்குத் தனியாக என்று பிரிந்து இரண்டு காலிச் சர்வர் ஓட்டுவதில் யாருக்கும் லாபமில்லை.

நேரம் குறிக்கும்போது நம் பகுதியின் வேலை நேரத்தை நினைவில் வையுங்கள். துறைமுகம், மணலி, எண்ணூர் பக்கம் ஷிப்ட்டில் போகிறவர்கள் குழுவில் இருந்தால் இந்த வாரம் எட்டு மணிக்கு வருபவர் அடுத்த வாரம் வர முடியாது. ராத்திரி பத்து முதல் பன்னிரண்டு என்று வைத்தால், செகண்ட் ஷிப்ட் முடித்து வருபவரும் கடைசி மேப்பையாவது பிடிப்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு ஞாயிறு மதியம். இந்த நேரங்களை எழுதி, எல்லோரும் ஒப்புக்கொண்ட பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

4. பிங்கை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அளந்து பாருங்கள்

பிங் என்றால் உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து சர்வருக்கு ஒரு செய்தி போய்த் திரும்ப எடுக்கும் நேரம். சர்வரை எந்த ஊரில் வைப்பது என்பதைப் பத்துப் பேரின் நெட் லைன்கள்தான் முடிவு செய்ய வேண்டும். வரைபடத்தைப் பார்த்து முடிவெடுத்தால் தவறும்.

கணக்கு எளியது. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்ப, ஒவ்வொரு 1,000 கிலோமீட்டருக்கும் 10 மில்லிசெகண்ட். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடல் கேபிள் 3,000 கிலோமீட்டருக்கு மேல். ஆகவே 30-க்குக் கீழே பிங் வர வாய்ப்பே இல்லை, எவ்வளவு விலை உயர்ந்த ரூட்டர் வாங்கினாலும். மும்பை நேர்கோட்டில் ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், அங்கே அடித்தளம் 10. நடப்பில் இவை இரண்டுமே கூடுதலாகத்தான் இருக்கும், கேபிள் நேர்கோட்டில் போவதில்லை.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் அடுத்தது. சென்னையிலேயே சர்வர் வைத்தால் எல்லோருக்கும் ஐந்துக்குள் வரும் என்று நினைப்பார்கள். ராயபுரத்தில் அடுத்தடுத்த தெருவில் இருவர் வேறு வேறு கம்பெனி நெட் வைத்திருந்தால், அந்த இரண்டு கம்பெனிகளும் எங்கே டிராஃபிக்கை மாற்றிக்கொள்கின்றன என்பதுதான் பிங்கைத் தீர்மானிக்கும். 2003-இல் தொடங்கிய நிக்ஸி உட்படச் சென்னையிலேயே பரிமாற்ற மையங்கள் இருக்கின்றன. ஆனால் உங்கள் ஏரியா கேபிள்காரருக்கு நெட் விற்கும் கம்பெனி அங்கே இணையாமல் மும்பையில் இணைந்திருந்தால், பக்கத்துத் தெருவுக்குப் போக வேண்டிய பாக்கெட் (டேட்டாத் துண்டு) மும்பை போய்த்தான் திரும்பும்.

இதைக் கண்டுபிடிக்க விண்டோஸில் ‘டிரேஸர்ட்’ (tracert) கட்டளை போதும், பாக்கெட் போகும் வழியைக் காட்டும். வழியில் வரும் ரூட்டர்களின் பெயரில் பல சமயம் விமான நிலையக் குறியீடு இருக்கும். எம்ஏஏ என்றால் சென்னை, பிஓஎம் என்றால் மும்பை.

செய்ய வேண்டியது இதுதான். கிளவுட் கம்பெனிகள் பிங் சோதிக்கப் பொது முகவரிகள் வைத்திருக்கின்றன. சென்னை, பெங்களூரு, மும்பை மூன்றுக்கும் ஒவ்வொரு முகவரியை எடுத்துப் பத்துப் பேருக்கும் அனுப்புங்கள். ராத்திரி ஒன்பது முதல் பதினொன்று வரை, வீட்டில் எல்லோரும் வீடியோ பார்க்கும் நேரத்தில், அரை மணி நேரம் பிங் ஓடவிட்டு மூன்று எண்களை எழுதி அனுப்பச் சொல்லுங்கள்: சராசரி, அதிகபட்சம், தொலைந்த பாக்கெட் சதவீதம். மதியம் அளந்த எண்ணுக்கு மதிப்பில்லை, நீங்கள் மதியம் ஆடப் போவதில்லை. வைஃபையில் அளந்ததையும் ஏற்காதீர்கள். நெருக்கமான வீடுகளில் ஒரே சேனலில் இருபது ரூட்டர் கத்திக்கொண்டிருக்கும், அது லைனின் குறையா வைஃபையின் குறையா என்று பிரிக்க முடியாது.

முடிவெடுக்கும்போது பத்துப் பேரின் சராசரியைப் பார்க்காதீர்கள். எந்த ஊரில் வைத்தால் மிக மோசமான லைன் உள்ளவருக்கும் ஆட முடிகிறதோ, அந்த ஊரைத் தேர்ந்தெடுங்கள். எட்டுப் பேருக்கு 8-ம் இரண்டு பேருக்கு 110-ம் தருவதைவிட எல்லோருக்கும் 30 தருவது நல்லது. பிங் எகிறுகிறவர்தான் முதலில் நிற்பார், தன்னோடு வந்த நண்பனையும் கூட்டிக்கொண்டு போவார். 30 நிலையாக இருந்தால் கை பழகிவிடும். 15-க்கும் 90-க்கும் நடுவே குதித்தால் யாராலும் பழக முடியாது.

5. வீடா, வாடகை மெஷினா

என் கருத்து தெளிவானது: முகம் தெரிந்த பத்துப் பேர் பாஸ்வேர்டு போட்டு ஆட வீடு போதும். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று திறப்பதாக இருந்தால் வாடகை மெஷின்தான். சர்வரின் ஐபியை மறைக்க முடியாது. தோற்ற கோபத்தில் ஒருவன் அந்த ஐபியைப் போலி டேட்டாவால் மூழ்கடிக்கும் தாக்குதலைக் காசு கொடுத்து ஏவினால், வீட்டில் தங்கையின் ஆன்லைன் பரீட்சையும் சேர்ந்து நிற்கும்.

வாடகைக்கு என்றால், ஆகாமையின் லினோட் 2023-இல் சென்னையில் தளம் திறந்தது. மைக்ரோசாஃப்ட் அஷூரின் தென்னிந்திய மையமும் சென்னைதான். டிஜிட்டல் ஓஷனுக்குப் பெங்களூரு, அமேசானுக்கு மும்பையும் ஹைதராபாத்தும். 1.6-க்கு 2 ஜிபி ராம், ஒரு நல்ல பிராசஸர் கோர் போதும். இந்தச் சர்வர் வேலையெல்லாம் ஒரே கோரில்தான் நடக்கும் என்பதால் எட்டு மெதுவான கோருக்குக் காசு கொடுப்பது வீண். கவுண்டர் ஸ்ட்ரைக் 2 என்றால் டிஸ்க் மட்டுமே 60 ஜிபிக்கு மேல் வேண்டும், விலை வேறு வரிசைக்குப் போய்விடும்.

வெளியே போகும் டேட்டாவையும் கணக்குப் போடுங்கள். ஒருவருக்கு வினாடிக்கு 25,000 பைட் உச்சவரம்பு என்று வைத்தால், 16 பேருக்கு 4 லட்சம் பைட், அதாவது 3.2 எம்பிபிஎஸ். மணிக்கு 1.44 ஜிபி. தினம் மூன்று மணி நேரம் ஆடினால் மாதம் 130 ஜிபி வரை. சில கிளவுட்களில் மாத வாடகைக்குள்ளேயே 1,000 ஜிபி அடங்கும். சிலவற்றில் ஒவ்வொரு ஜிபிக்கும் தனிக் காசு. மாதக் கடைசியில் பில் பார்த்து மிரள்வது இங்கேதான்.

6. வீட்டில் வைப்பவர்களுக்கு மட்டும்

கம்ப்யூட்டர் வாங்க ரிச்சி ஸ்ட்ரீட் போவதற்கு முன், உங்கள் லைனுக்குச் சொந்தமான பொது ஐபி இருக்கிறதா பாருங்கள். ரூட்டர் பக்கத்தில் ‘வான் ஐபி’ என்று காட்டும் எண்ணும், கூகுளில் என் ஐபி என்ன என்று தேடினால் வரும் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ரூட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி என்று பொருள். அந்த நிலையில் ரூட்டரில் போர்ட் ஃபார்வர்டிங்கை (வெளியிலிருந்து வருவதைச் சர்வர் மெஷினுக்கு அனுப்பும் அமைப்பை) எத்தனை முறை மாற்றிப் போட்டாலும் வெளியிலிருந்து ஆள் வர முடியாது. வாரக்கணக்கில் ரூட்டரோடு மல்லுக்கட்டுபவர்கள் பெரும்பாலும் இதைப் பார்க்காமல் விட்டவர்கள்தான்.

நெட் கம்பெனியில் ‘ஸ்டேட்டிக் ஐபி வேண்டும்’ என்று கேளுங்கள், தனிக் கட்டணம் உண்டு. அது கிடைக்காவிட்டால் டெய்ல்ஸ்கேல் போன்ற தனி நெட்வொர்க் மென்பொருளைப் பத்துப் பேரும் போட்டுக்கொள்ளலாம். தெரிந்தவர்களுக்குள் ஆட அது போதும்.

பொது ஐபி இருந்தால் மெஷினுக்கு ரூட்டருக்குள் மாறாத எண் கொடுத்து, 27015 போர்ட்டைத் திறந்துவிடுங்கள். யுடிபி என்று தேர்ந்தெடுக்க வேண்டும். டிசிபி மட்டும் திறந்துவிட்டு ‘ஓப்பன் பண்ணிட்டேன், வரலையே’ என்பது அடிக்கடி கேட்கும் புலம்பல்.

கரன்ட் விஷயம்: யுபிஎஸ்ஸை கம்ப்யூட்டருக்கு மட்டும் மாட்டாதீர்கள். ஃபைபர் வரும் சின்னப் பெட்டியும் ரூட்டரும் அதில் இருக்க வேண்டும். மெஷின் தரைத்தளத்தில் இருந்தால் டேபிளுக்கு மேலே வையுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் பகுதியில் தண்ணீர் எங்கே வரை ஏறியது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். காசிமேடு, திருவொற்றியூர் மாதிரி கடலோரமாக இருந்தால் ஜன்னல் ஓரம் வேண்டாம், உப்புக்காற்று போர்டை அரிக்கும்.

7. இன்ஸ்டால் செய்யுங்கள்

லினக்ஸ் மெஷினில் முதலில் தனி யூசர் ஒன்றை உருவாக்குங்கள். ரூட் கணக்கில் (முழு அதிகாரம் உள்ள கணக்கில்) கேம் சர்வரை ஓட்டினால், ஒரு மோசமான பிளக்இன் மெஷின் முழுவதையும் கெடுத்துவிடும்.

அடுத்து ஸ்டீம்சிஎம்டி, சர்வர் ஃபைல்களை இறக்கும் ஸ்டீமின் கருவி. 1.6-இன் சர்வர் எண் 90. அதோடு மாட் பெயர் சிஸ்ட்ரைக் என்று சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் அதற்கு அடிப்படையான ஹாஃப் லைஃப் கேம் மட்டும் இறங்கும். இந்த 90-க்கு நெடுநாளைய கோளாறு ஒன்று உண்டு: முதல் முறை ஓட்டும்போது பாதி ஃபைல்களோடு நின்றுவிடும். அதே கட்டளையை முழுவதும் இறங்கிவிட்டது என்று சொல்லும் வரை திரும்பத் திரும்ப ஓட்டுங்கள். பாதியில் நின்றதைப் பார்த்து மெஷினையே அழித்து மறுபடி தொடங்குபவர்கள் இருக்கிறார்கள், தேவையில்லை.

இது 32 பிட் மென்பொருள். 64 பிட் லினக்ஸில் 32 பிட் லைப்ரரிகளை முன்பே போட்டிருக்க வேண்டும். ‘ஃபைல் இருக்கிறது, ஆனால் இல்லை என்கிறது’ என்று வரும் குழப்பத்துக்குக் காரணம் இதுதான்.

ரீஎச்எல்டிஎஸ் (ஆர்வலர்கள் மேம்படுத்தி வெளிப்படையாக வெளியிடும் சர்வர் மென்பொருள்) போடப் போகிறீர்கள் என்றால் ‘ஸ்டீம் லெகசி’ கிளையை இறக்குங்கள். 2023 நவம்பரில் ஹாஃப் லைஃப் 25-ஆம் ஆண்டுக்காக வந்த அப்டேட்டுக்குப் பிறகு பழைய சர்வர் கோப்புகள் அந்தக் கிளையில்தான் இருக்கின்றன. அட்மின் வேலைக்கு ஏஎம்எக்ஸ் மாட் எக்ஸ் என்ற பிளக்இன் தொகுப்பு. ஆனால் முதல் நாள் எந்தப் பிளக்இன்னும் இல்லாமல் வெறும் சர்வரை ஓட்டி இரண்டு பேர் உள்ளே வந்து பாருங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகப் போட்டால் எது கெடுத்தது என்று தெரியாது.

கவுண்டர் ஸ்ட்ரைக் 2 வைப்பவர்கள் ஸ்டீமில் சர்வர் டோக்கன் ஒன்றை எடுக்க வேண்டும். அது இல்லாமல் வெளியாட்கள் சேர முடியாது.

8. செட்டிங்ஸ்

முதலில் ஆர்கான் பாஸ்வேர்டு (சர்வரைத் தூரத்திலிருந்து கட்டுப்படுத்துவது), நீளமாக. கேம் பாஸ்வேர்டும் அதுவும் ஒன்றாக இருக்கக் கூடாது. எஸ்வி லேன் 0 (இணையம் வழியாகச் சேரலாம் என்று பொருள்), எஸ்வி ரீஜியன் 4. நாலு என்றால் ஆசியா.

எஸ்வி மேக்ஸ்ரேட் (ஒருவருக்கு வினாடிக்கு எத்தனை பைட் வரை) 25000, எஸ்வி மேக்ஸ்அப்டேட்ரேட் (ஆட்ட நிலவரத்தை வினாடிக்கு எத்தனை முறை வரை) 101 வையுங்கள். இரண்டாவதை அப்படியே விட்டால் 30-இல் நிற்கும். பிங் பத்து காட்டினாலும் ஆள் தத்தித் தத்தி நகர்வான், எல்லோரும் நெட்டைத் திட்டுவார்கள். ஆடுபவர்களும் தங்கள் பக்கம் ரேட் 25000, சிஎல் அப்டேட்ரேட் 101 வைக்க வேண்டும். லேக் அடிக்கிறது என்று யாராவது சொன்னால் கேமுக்குள் லைன் நிலவரம் காட்டும் நெட் கிராஃப் படம் கேளுங்கள். ‘லாஸ்’ ஏறினால் அவர் லைனில் கோளாறு. ‘சோக்’ ஏறினால் ரேட் செட்டிங்கைப் பாருங்கள்.

நேர மண்டலத்தை மாற்றுங்கள். வாடகை மெஷின்கள் பெரும்பாலும் யுடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் வரும். விடியற்காலை நாலு மணிக்கு ரீஸ்டார்ட் என்று நினைத்துப் போட்டால், நம் நேரம் காலை ஒன்பதரைக்கு ஆகும். மதியம் நாலு என்று போட்டிருந்தால் ராத்திரி ஒன்பதரைக்கு, ஆட்கள் சேரும் நேரத்தில்.

புது மேப்களுக்குத் தனி வெப் முகவரியை எஸ்வி டவுன்லோட்யூஆர்எல்-இல் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கேம் சர்வரே மேப்பை ஊட்டும், சின்ன மேப்புக்கே நிமிடக்கணக்கில் ஆகும். முதல் முறை வருகிறவர் டவுன்லோட் பட்டையைப் பார்த்துவிட்டு வெளியேறுவார், திரும்ப வரமாட்டார். சர்வருக்குப் புது ஆள் வருவது நிற்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் நான் பார்த்ததில்லை.

9. ஸ்டீம் இல்லாத காப்பிகளை என்ன செய்வது

பென் டிரைவில் கைமாறிய 1.6 நம் ஏரியாவில் நிறைய. அவர்களையும் சேர்க்க வேண்டும் என்ற ஆசை நியாயமானது. இருந்தாலும் வேண்டாம் என்பேன். அந்தக் காப்பிகளில் அடையாள எண்ணை மாற்றிக்கொண்டு தடையான அதே ஆள் அடுத்த நிமிடம் உள்ளே வருவான். அதைவிட முக்கியம் பாதுகாப்பு. 2019 மார்ச்சில் டாக்டர் வெப் என்ற வைரஸ் தடுப்பு நிறுவனம் வெளியிட்ட ஆய்வில், ஸ்டீமில் தெரிந்த சுமார் 5,000 கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 சர்வர்களில் 39 சதவீதம் பெலோனார்ட் என்ற டிரோஜன் (மறைந்து நுழையும் தீய மென்பொருள்) உருவாக்கிய போலிச் சர்வர்கள். பட்டியலில் கண்ணில் பட்டதைச் சொடுக்கிச் சேர்வதே ஆபத்து என்பதால், உங்கள் ஆட்களுக்கு ஐபியைக் கொடுத்து ஃபேவரிட்ஸில் சேர்க்கச் சொல்லுங்கள். ஸ்டீம் சேலில் கேம் விலை நன்றாகக் குறையும்போது, முடியாதவர்களுக்குக் குழுவே வாங்கிக் கொடுக்கலாம். அப்படிச் செய்த குழுக்கள் நிலைத்திருக்கின்றன.

10. பணம்

மாத வாடகையோடு 18 சதவீத ஜிஎஸ்டியையும் சேர்த்துப் பங்கு போடுங்கள். மூன்று மாதப் பணத்தை முன்கூட்டியே யுபிஐயில் வாங்குங்கள். மாதாமாதம் கேட்கப் போனால் பணத்தைவிட மனஸ்தாபம்தான் சேரும்.

ஒருவர் கார்டை வெளிநாட்டுக் கிளவுடில் போட்டு, தானாகப் பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிடாதீர்கள். 2021 அக்டோபரில் அமலுக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகளின்படி, முறையாக ஒப்புதல் பதிவு செய்யாத தானியங்கிக் கட்டணங்கள் நிராகரிக்கப்படும். இரண்டு மின்னஞ்சல் வரும், யாரும் பார்க்க மாட்டார்கள், மெஷின் டேட்டாவோடு அழிந்துவிடும். கணக்கில் முன்பணம் போட்டு வைக்கும் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

சர்வர் செலவுக்குப் பங்கு வேறு, பந்தயம் வேறு. ஜெயித்தவனுக்குப் பணம் என்று தலைக்கு இவ்வளவு வசூலிக்கத் தொடங்காதீர்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடுக்க 2025-இல் மத்தியச் சட்டமே வந்திருக்கிறது.

11. சாவியை இரண்டாவது ஆளிடமும் கொடுங்கள்

சர்வர் போட்டவருக்கு வெளியூர் வேலை கிடைக்கும், கல்யாணம் ஆகும், ஃபோன் தொலையும். பாஸ்வேர்டு ஒருவரிடம் மட்டும் இருந்தால், அன்றைக்கு உங்கள் குழுவும் பழைய சர்வர் மூடிய நாள் நிலைக்கே வந்துவிடும்.

கிளவுட் கணக்கு, மெஷின் லாகின், ஆர்கான், டொமைன், இவை நான்கும் இரண்டு பேரிடம் இருக்க வேண்டும். கிளவுட் கணக்கைச் சொந்த மின்னஞ்சலில் திறக்காமல் குழுவுக்கென்று ஒரு மின்னஞ்சலில் தொடங்குங்கள். ஓடிபி வரும் ஃபோன் எண் யாருடையது என்று எழுதி வையுங்கள், நடுராத்திரி சர்வர் படுக்கும்போது அதுதான் தேவைப்படும்.

வாரம் ஒரு முறை செட்டிங்ஸ், அட்மின் பட்டியல், தடைப்பட்டியல், பிளக்இன் எல்லாம் சர்வருக்கு வெளியே வேறொரு இடத்துக்குக் காப்பி ஆகட்டும். காப்பி இருப்பது மட்டும் போதாது. சர்வர் திறந்த முதல் மாதத்துக்குள், ஆட்டம் இல்லாத ஒரு பகல் பார்த்து, அந்த இரண்டாவது ஆள் புதிய மெஷின் ஒன்றை எடுத்து, காப்பியிலிருந்து சர்வரைத் தனியாகத் திரும்ப எழுப்பட்டும். நீங்கள் பக்கத்தில் உட்காராதீர்கள், ஃபோனிலும் சொல்லிக் கொடுக்காதீர்கள். எங்கே நின்றார் என்று அவர் எழுதி வைக்கட்டும், அந்த இடங்களைத் திருத்திய பிறகு ஐபியைப் பொதுவில் கொடுங்கள்.